ஊனத்தை மறைப்பானேன்?

(தென்காசியில் காலேஜ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். சாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசுகிற மேடையில், காலேஜில் படிக்கிற பிள்ளையின் கண்ணையும் காதையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் காலேஜில் சேருகிறான். தனக்குக் காது கேட்காது என்பதை அங்கே சொல்லலாமா, மறைக்க வேண்டுமா என்பதுதான் விஷயம். சொன்னால் சட்டப்படி அவனுக்கு உதவி உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. அப்படியிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறக்காமலே இருந்து, பரீட்சையில் தவறி, படிப்பை விட்டு வீட்டுக்கு வந்து சேருகிறார்கள். ஏன் வாயைத் திறப்பதில்லை என்று ஆராய்ந்து பார்த்தால், அது நேராக நம் இயக்கத்தின் விஷயமாகவே வந்து நிற்கிறது.

முதலில் ஊனம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஊனம் என்றதும் நம் ஜனங்களுக்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும்தான் ஞாபகத்திற்கு வருகின்றன. ஆனால் முன் பெஞ்சியில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாத பெண் இருக்கிறாள். ஒரு காது கேட்காததால், உபாத்தியாயர் அந்தப் பக்கம் நின்று பேசுகிறபோதெல்லாம் பாடத்தைக் கோட்டைவிடுகிற பையன் இருக்கிறான். வாயால் கேட்டால் எல்லாவற்றிற்கும் பதில் சொல்லுவான், புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துக்கள் பிடிபடாமல் மற்றவனைப் போல் மூன்று பங்கு நேரம் எடுத்துக்கொள்ளுவான், அப்படிப்பட்டவனும் இருக்கிறான். டாக்டர்கள் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? மக்கு என்று வைத்திருக்கிறோம். மனநோயால் பல மாதம் படுத்துக் கிடந்து மறுபடியும் படிக்க வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்குப் பெயர் வைக்கவே நாம் பயப்படுகிறோம்.

இவர்கள் எல்லோரையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் சொல்லப்பட்டிருந்தன. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கற்றல் குறைபாடு, மனநோய், நாள்பட்ட நரம்பு நோய் ஆகியவையும் அதில் உண்டு. 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படியே இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர், தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அந்தக் கணக்கு 21 வகைச் சட்டம் வருவதற்கு முன் எடுத்தது. ஆகவே இது ஏதோ நாலு பேருடைய விஷயமல்ல.

நிற்க, ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு வருவோம். வெட்கத்தினால் மறைக்கிறார்கள். திருடினவன் வெட்கப்படலாம், பொய் சொன்னவன் வெட்கப்படலாம். காது கேட்காதவன் எதற்காக வெட்கப்பட வேண்டும்? அவன் யார் குடியைக் கெடுத்தான்? அவனாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் "செய்திருக்கிறான், போன பிறவியில் செய்திருக்கிறான்" என்று நம் நாட்டுச் சாஸ்திரங்கள் சொல்லுகின்றன. குருடாய்ப் பிறந்தால் முற்பிறப்பில் பாவம், முடமாய்ப் பிறந்தால் முற்பிறப்பில் பாவம். பிள்ளையின் ஊனம் தெரிந்தால் "எந்தப் பாவமோ!" என்று ஊரார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதிற்குள் நினைப்பார்கள் என்று தகப்பன் பயப்படுகிறான். தங்கைக்குச் சம்பந்தம் வராது என்று தாய் பயப்படுகிறாள். பெண் பிள்ளையாய் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவளுடைய குறையை மறைப்பதே குடும்பத்தார் முழுநேர வேலையாகச் செய்கிறார்கள். ஆகவே பிள்ளை வாய் மூடிப் பழகுகிறது. காலேஜுக்குப் போன பிறகும் அந்த மூடிய வாய் திறப்பதில்லை.

இந்தக் கர்மக் கதையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோவினால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். அது மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச் 27ந் தேதி போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சர்டிபிகேட்டும் கிடைத்துவிட்டது. அதற்கு முன் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கால் விளங்காமல் போய்க்கொண்டிருந்தது. கால் விளங்காமற்போனது முற்பிறப்புப் பாவத்தினால் என்றால், 2011க்குப் பிறகு பாவம் செய்தவர்கள் ஒருவர்கூட இந்தியாவில் பிறக்கவில்லையா? அல்லது இரண்டு சொட்டு மருந்து எமதர்மனுடைய கணக்குப் புத்தகத்தையே அழித்துவிட்டதா? இரண்டு சொட்டு மருந்தினால் தீர்ந்துபோகிற பாவம் என்ன பாவம், ஐயா?

கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா என்ற அம்மை கண்டால் பிள்ளைக்குக் காது போகலாம், கண் போகலாம். சத்துக் குறைவினால் கண் போகிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்று மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற வழக்கம் நம்மிடத்தில் இருக்கிறதே, அதனாலும் பரம்பரைச் செவிடு வருவது அதிகப்படுகிறது. இதெல்லாம் காரணம் தெரிந்த விஷயங்கள். காரணம் தெரிந்த பிறகும் பாவம் என்று சொல்லுகிறவன் நோயை வளர்க்கிறவனே ஆவான்.

இப்போது யாரையா கர்மத்தைப் பேசுகிறார்கள் என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்டு மாதக் கடைசியில், சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு ஆன்மீகப் பிரசங்கி வந்து, மாணவிகளை உட்கார வைத்துக்கொண்டு, முற்பிறப்பு, பாவம் என்று பேசினார். ஊனத்தோடு பிறப்பதற்கும் அதையே காரணமாகச் சொன்னார். நடந்தது கோவில் மண்டபத்தில் அல்ல, சர்க்கார் பள்ளிக்கூடத்தில். அப்பொழுது எழுந்து நின்று "இதை எப்படிச் சொல்லலாம்?" என்று அத்தனை பேர் முன்னிலையில் எதிர்த்துக் கேட்டவர் யார் தெரியுமா? அந்தப் பள்ளியின் தமிழாசிரியர், கண் பார்வையில்லாதவர். செப்டம்பரில் அந்தப் பிரசங்கி கைது செய்யப்பட்டார். கண் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், கண் தெரியாதவர் எழுந்து நின்றார். அவர் தம் குறையை மறைத்து வாழ்ந்தவராய் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்திருக்குமா? சுயமரியாதை என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

மறைப்பது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் சொல்லுகிறேன். நமக்கு இரண்டு நாழிகைத் தூரத்தில் குற்றாலம் இருக்கிறது. சாரல் காலத்தில் யாரும் போய்க் குளிக்கட்டும், உடம்புக்கு நல்லது, மனசுக்கும் சந்தோஷம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சித்தம் பேதலித்தவர்களை அருவியின் கீழே பிடித்து நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று சொல்லி எவ்வளவோ குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஏர்வாடியிலோ சங்கிலி போட்டுக் கட்டினார்கள். 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் அங்கே கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். டாக்டரிடம் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், சாமியிடமும் தர்காவிடமும் போனால் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இதில் எவ்வளவு பங்கு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் மறைப்பதில் ஆரம்பித்து, சங்கிலியில் போய் முடிகிறது.

சரி, சொன்னால் என்ன கிடைக்கும்? இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கார் காலேஜிலும் சர்க்கார் பண உதவி பெறுகிற காலேஜிலும் 100க்கு 5 இடத்திற்குக் குறையாமல் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 வருஷம் தளர்த்த வேண்டும். இது 100க்கு 40க்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு. பரீட்சையில் மணிக்கு 20 நிமிஷத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. அதாவது 3 மணிப் பரீட்சைக்கு 4 மணி. கையால் எழுத முடியாதவர், கண் தெரியாதவர் முதலியவர்கள் சொல்லச் சொல்ல எழுத மற்றொருவரை வைத்துக்கொள்ளலாம். இவையன்றி, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கு ஏற்ற சவுகரியத்தைக் கல்வி ஸ்தாபனம் செய்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது, பெரிய எழுத்தில் வினாத்தாள் கொடுப்பது, பாடத்தை ஒலிப்பதிவு செய்துகொள்ள விடுவது எல்லாம் இதில் அடங்கும்.

"எனக்கு 40க்குக் கீழேதானே, நான் கேட்க முடியாதே" என்று சிலர் பின்வாங்குகிறார்கள். இதற்கும் வழி பிறந்திருக்கிறது. கை எழுத வராமல் பிடித்துக்கொள்ளுகிற நோயுள்ள விகாஷ் குமார் என்பவர், சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு எழுதுவதற்கு ஆள் கேட்டார். 40 அளவு ஊனம் இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 40 என்கிற அளவு இட ஒதுக்கீட்டிற்குத்தான், எழுத ஆள் கேட்கிறதற்கு அந்த வாசற்படியைக் காட்டித் தடுக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்காரும் தனி விதிகள் வெளியிட்டது. அந்த ஒரு மனிதர் தம் கை எழுதாது என்று வெளியில் சொன்னதனால், முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இன்று எழுத ஆள் கிடைக்கிறது.

இதைச் சலுகை என்கிறார்கள் சிலர். "எல்லோருக்கும் 3 மணி, இவனுக்கு மட்டும் 4 மணியா? திறமை என்னாவது?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, இந்தத் "திறமை" என்கிற பாட்டை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? 1921ல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவு போட்டபோது பாடினார்கள். 1928ல் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது பாடினார்கள். திறமை கெட்டுப் போயிற்றா? இல்லை. படிக்காத வீடுகளில் படித்தவர்கள் வந்தார்கள்.

குற்றாலம் பேரருவியில் குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறவனைச் சலுகையில் குளிக்கிறான் என்று யாராவது சொல்லுகிறோமா? கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திறமையைக் காட்டு என்கிறோமா? பரீட்சை என்பது பாடம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஏற்பட்டது. கை எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு ஏற்பட்டதல்ல.

இந்த உதவி ஒன்றும் புதிதுமல்ல. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் இருந்த ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் 1904ஆம் வருஷத்திலேயே பி.ஏ. பட்டம் பெற்றார். வகுப்பில் சொன்ன பாடத்தை அவருடைய ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகக் காட்டிவந்தார். 1962ல் எட் ராபர்ட்ஸ் என்பவர், போலியோவினால் கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரல் பெட்டிக்குள் படுத்துத் தூங்க வேண்டியிருந்ததால் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கடைசியில் அவர்களாலேயே சட்டங்கள் மாறின. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாளையங்கோட்டையில் 1890களிலேயே பிளாரன்ஸ் ஸ்வைன்ஸன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையார் பள்ளிக்கூடம் வைத்தார். கடல் தாண்டி வந்தவர்களுக்கு நம் பிள்ளைகள் படிப்பார்கள் என்று பட்டது. நம் சாஸ்திரிகளுக்கோ பாவக் கணக்கு மட்டுமே பட்டது.

இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். "சொன்னால் உதவி செய்வார்கள் என்கிறீர். சொன்னதற்காகவே வெளியே தள்ளிவிட்டால்?" என்பது. இந்தப் பயம் பொய்ப் பயமல்ல. மகாராஷ்டிரத்தில் ஓம்கார் கோண்ட் என்கிற மாணவருக்குப் பேச்சில் 40க்கு மேற்பட்ட ஊனம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தினால் டாக்டர் படிப்புக்கு லாயக்கில்லை என்று விதியைக் காட்டினார்கள். ஒதுக்கீடு பெறவும் 40 வேண்டும், 40 இருந்தால் படிக்கவும் கூடாது! இந்த விசித்திரத்தை 2024ல் சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணைப் பார்த்துத் தள்ளக்கூடாது, அந்த ஆளால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. டாக்டர்கள் பார்த்தார்கள், முடியும் என்றார்கள், அவருக்கு இடமும் கிடைத்தது.

ஆகவே சொல்லுகிறவனுக்கு மட்டும் தைரியம் வேண்டும் என்று நான் உபதேசம் செய்யவில்லை. கேட்கிறவனுக்கு யோக்கியதை வேண்டும். ஊர் முழுவதும் தமுக்கடித்துச் சொல்லவேண்டிய அவசியமும் கிடையாது. காலேஜில் அதற்குரிய அதிகாரியிடம், உனக்கு எது முடியவில்லை, என்ன உதவி வேண்டும் என்ற இரண்டு விஷயங்களைச் சொன்னால் போதும். அதை அவர் உபாத்தியாயர் அறையில் வம்பாக ஆக்கக்கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்தை வைத்தியர்கள் வெளியே விடக்கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்லுகிறது. ஊனத்தைச் சொல்லிப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறவனுக்கு 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை என்று 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 92ஆவது பிரிவு சொல்லுகிறது. நொண்டி என்று கேலி பேசுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

செய்யவேண்டியது என்னவென்றால், சர்டிபிகேட்டுக்கு முன்போல் திருநெல்வேலிக்கு அலையவேண்டியதில்லை. 2019 நவம்பர் 22ந் தேதியிலிருந்து தென்காசி தனி ஜில்லா. மாற்றுத்திறனாளிகள் நல ஆபீசும் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியும் இங்கேயே இருக்கின்றன. டாக்டர்கள் பார்த்துச் சர்டிபிகேட்டு கொடுப்பார்கள். நாடு முழுவதும் செல்லக்கூடிய அடையாள அட்டையும் கிடைக்கும். காலேஜில் சேருகிறபோதே எழுத்து மூலமாகக் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள். இங்குள்ள காலேஜுகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. காலேஜ் மூலமாகப் பல்கலைக்கழகத்திற்கு மனு போகவேண்டியிருக்கும், அதற்கு நாள் ஆகும். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், அவருக்கு எழுதுங்கள்.

பெண்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964லிருந்து நடக்கிறது. அது குற்றாலநாதர் கோவில் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. கோவில் பணம் பெண்கள் படிப்புக்குப் பயன்படுவதைப் போல் நல்ல காரியம் வேறொன்றில்லை. கோவிலே தன் பணத்தைப் பெண் படிக்கக் கொடுக்கிற காலத்தில், பெண்ணைப் பெற்றவன் "கல்யாணம் கெட்டுப்போகும்" என்று அவளுடைய காதுக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுவது எவ்வளவு அக்கிரமம்! கருவியைக் கழற்றினால் வருகிற மாப்பிள்ளை, கருவியைப் பார்த்ததும் போய்விடுவான். படிப்பு போகாது. உத்தியோகம் போகாது.

கடைசியாக ஒன்று. பெரியார் அவர்கள் தம் கடைசிக் காலத்தில் சிறுநீர் தானாய்ப் போகாமல், குழாய் வைத்து, அதை ஒரு வாளியில் விட்டு, அந்த வாளியோடேயே ஊர் ஊராய்ச் சுற்றினார். அதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். மேடைக்கு அவர் வரும்போது வாளியும் வரும். அதை மூடி மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1973 டிசம்பர் 19ந் தேதி, தம் 94ஆவது வயதில், சென்னை தியாகராய நகரில் கடைசிப் பேச்சைப் பேசினார். ஐந்து நாள் கழித்து மறைந்தார். அந்த வாளியைப் பார்த்து அவரிடம் யாருக்காவது மரியாதை குறைந்ததா?

ஆகவே, மாணவத் தோழர்களே! உங்கள் ஊனம் உங்கள் குற்றமல்ல. ஆகையால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிமை இருக்கிறது, போய்க் கேளுங்கள். பெற்றோர்களே! பிள்ளையின் வாயைப் பொத்தாதீர்கள். உபாத்தியாயர்களே! கேட்க வருகிறவனை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்யாமல், உட்கார வைத்து "என்னப்பா வேண்டும்?" என்று கேளுங்கள்.